காமாட்சி திரையில் பார்த்தது

1. மூலம் என்று வந்தவர்

எண்டோஸ்கோபி அறைக்கு என்னை மாற்றிய முதல் நாள், குடலுக்குள் போகும் அந்தக் குழாயைத் தொடவே தயங்கினேன். திரையில் பெருங்குடலைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, ஈரத்தில் மின்னும் ஒரு குகை. எல்லோர் வயிற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று வாயடைத்து நின்றேன். பதினெட்டு வருடம் அங்கே நர்ஸாக இருந்தேன். அந்த வியப்பு குறையவே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஏகாம்பரம் வந்தார். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர், வயது நாற்பத்தாறு. ஆறு மாதமாக மலத்தில் ரத்தம்.

"தறியில உக்காந்துக்கினே இருக்கறேன் சிஸ்டர். சூட்டுல மூலம் வந்துட்டுது" என்றார். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார்.

குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கோலனாஸ்கோபி செய்தோம். உள்ளே புண்ணாகிப் போன ஒரு கட்டி. அதிலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பிய பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது.

"பீடி கெடையாது, குடி கெடையாது, கறிகூட சாப்புடறதில்ல. எனக்கு எப்படிமா வரும்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"அதெல்லாம் இருந்தா ஆபத்து கூடும். வயசு, உடம்பு எடை, நடமாட்டம் இல்லாம இருக்கறது, இதுங்களும் சேரும். எதுவும் இல்லாதவங்களுக்கும் வரும். குடும்பத்துல யாருக்காவது இருந்துதா?"

"எங்கப்பா நாப்பத்தெட்டுல போயிட்டாரு. வயித்துல கட்டின்னாங்க. அவரு கூடப் பொறந்த அத்தைக்குக் கர்ப்பப்பையில புத்து."

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாக அந்தக் குடும்பத்தையே வரைந்தார். குடலுக்கும் கர்ப்பப்பைக்கும் சேர்ந்தாற்போல் ஆபத்தைக் கொடுக்கும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு என்றார். ஏகாம்பரத்துக்கு அது இருப்பதை மரபணுப் பரிசோதனை பிறகு உறுதி செய்தது. இத்தனை வருடம் அங்கே நின்ற எனக்கே அது புதிய செய்தி.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"ஒரே தங்கச்சி. காமாட்சி."

2. நோவில்லாமல் வந்தவர்

தங்கைக்கும் அந்தக் கோளாறு இருக்கலாம், பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். காமாட்சி வரமாட்டேன் என்றுவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், எனக்கு எதற்கு டெஸ்ட் என்பது அவர் வாதம். கட்டியை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த ஏகாம்பரம், ஆட்டோ பிடித்துத் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ கெளம்பறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்னு வயித்தப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு சிஸ்டர். வேற வழியில்லாம வந்தேன்" என்று காமாட்சி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மயக்கம் வேண்டாம், முழித்துக்கொண்டே இருக்கிறேன் என்றார். ஒருக்களித்துப் படுத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த மடிப்பு ஒன்றின் ஓரத்தில் வேர்க்கடலை அளவுக்கு ஒரு பாலிப், குடல் சுவரில் முளைக்கும் சதை மொட்டு. டாக்டரம்மா மெல்லிய கம்பி வளையத்தை அதன் கழுத்தில் மாட்டி, இறுக்கச் சொன்னார். நான் மெதுவாக இறுக்கினேன். மின்சாரம் பாய்ந்தது. பாலிப் கழன்று விழுந்தது.

"வலிக்கவே இல்லியே" என்ற காமாட்சி, திரையைக் காட்டி, "இதுவாம்மா எங்கப்பாவக் கொன்னது?" என்று கேட்டார்.

"இந்த மாதிரி ஒண்ணுதான். வளர்ந்து கெட்டுப்போறதுக்கு முன்னாடி உங்களுது வெளிய வந்துட்டுது" என்றார் டாக்டரம்மா.

ஒரு தலைமுறையைப் பாதியில் கொண்டுபோன நோயின் முதல் வடிவம், என் கையிலிருந்த சின்ன டப்பாவில் மிதந்தது. பயாப்ஸியில் அது இன்னும் புற்றாக மாறவில்லை என்று வந்தது. அண்ணனும் தங்கையும் இப்போது வருடம் தவறாமல் ஒன்றாகப் பரிசோதனைக்கு வருகிறார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மலத்தில் ரத்தம் என்று யார் வந்தாலும், மூலம் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டில் யார், எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்து போனார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் முன் ஒருவர்தான் நிற்பார். காப்பாற்ற வேண்டிய இன்னொருவர் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.