கார்தகேனாவில் பயமில்லை

சிவமலரிடம் யாரும் விளையாட்டுக்குக்கூட "காட்டு பாப்பம்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் காட்டிவிட்டுத்தான் ஓய்வாள். அது அவளுடைய குற்றம் என்றும் சொல்ல முடியாது. இந்த நாடு அவளுக்குப் படிப்பித்த முதல் பாடமே அதுதான்.

தொண்ணூற்றொன்றில் கணவன் யோகராசாவோடு மொன்றியலுக்கு வந்து இறங்கினாள். அடுத்த வருடம், ஏழு மாத வயிற்றோடு அகதி விசாரணைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே இருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: யாழ்ப்பாணத்தில் சண்டை என்றால் கொழும்பில் போய் இருந்திருக்கலாமே, அது பாதுகாப்பான நகரம்தானே? கொழும்பைப் படத்தில்கூடப் பார்த்திராத மனிதர்! சிவமலருக்கு வந்த கோபத்தில் பிள்ளை வயிற்றுக்குள் புரண்டது. இவர்களுக்காக வந்த வழக்கறிஞர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு வெளியே வைத்துச் சொன்னார்: "அம்மா, இங்கே வாயால் சொன்னது நடக்காதது. தாளில் இருப்பதுதான் நடந்தது." ஆறு மாதம் அலைந்து, பத்திரிகைத் துண்டு, ஊர்ப் பாதிரியாரின் கடிதம், கொழும்பு விடுதியில் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோன மச்சானின் படம் என்று ஒரு பைல் கட்டினார்கள். அந்தப் பைல்தான் வென்றது.

அதிலிருந்து சிவமலர் வீட்டில் எல்லாவற்றுக்கும் பைல். மகள் தனுஷா காய்ச்சலுக்குப் பள்ளிக்கூடம் போகாத நாளுக்கும் பைல். யோகராசா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, கழுவி, ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவனுக்கும் ஒரு பைல் இருக்கிறது. சிவமலர் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறாள். பத்தொன்பது வருடம். கத்தரிக்காயைத் தொட்டவுடனே உள்ளே விதை முற்றியதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மனிதர்களை அப்படித் தொட்டுப் பார்க்கத் தெரியாது, அதுதான் கஷ்டம்.

ஒக்டோபரில் தனுஷா வந்தாள். மொன்றியலிலேயே நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் மத்தியூவோடு நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவள். மத்தியூ வெள்ளைக்காரப் பெடியன், தங்கமானவன், இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுவான். வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னாள்.

"அம்மா, பெப்ரவரியிலை கலியாணம் செய்யிறம். கார்தகேனாவிலை. கடற்கரையிலை, சின்னதா."

"அது எங்கை பிள்ளை?"

"கொலம்பியா. கரீபியன் கடல்."

சிவமலருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அது ஏன் என்று சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். யோகராசா போனபின் அவள் எந்தக் கலியாணத்திலும் முன்வரிசையில் இருந்ததில்லை. ரொறன்ரோவில் அண்ணன் பேரின்பநாதனின் மகன் கலியாணத்தில், அவள் ஆசையாக ஆலாத்தித் தட்டைத் தொடப் போக, அண்ணி சிரித்த முகத்தோடு, "மச்சாள், நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு இருங்கோ" என்றாள். சிரித்த முகம்! நாசமாய்ப் போன சிரிப்பு. அன்றைக்கே சிவமலர் தன் மகளின் கலியாணத்தைக் கற்பனை செய்து பார்த்துவிட்டாள். மணவறையில் தாரைவார்க்க அண்ணனும் அண்ணியும் நிற்பார்கள். பெற்றவள் தூணுக்குப் பின்னால் நிற்பாள். கடற்கரையில் தூணும் இல்லை, அண்ணியும் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நானும் சப்பாத்து ஒண்டு வாங்கோணும், மணலுக்குத் தோதா" என்றாள்.

தனுஷா கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். "அம்மா, அது உங்களுக்குப் பாதுகாப்பான இடமில்லை. கனடா அரசாங்கமே எழுதி வைச்சிருக்கு. களவு, கத்திக்குத்து... நீங்கள் வந்தால் எனக்கு அங்கை நிம்மதியா இருக்கேலாது."

"அப்ப பாதுகாப்பு எண்டு காட்டினால்?"

தனுஷா சிரித்தாள். "சரி, காட்டுங்கோ பாப்பம்."

சொல்லிவிட்டாள்.

வேறொரு தாய் என்றால் அந்த இடத்திலேயே விளங்கிக்கொண்டு ஒரு மூச்சு அழுது முடித்திருப்பாள். சிவமலர் அடுத்த நாள் நூலகத்துக்குப் போனாள். அரசாங்கத்தின் பயண அறிவித்தலை அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு வாசித்தாள். மிகுந்த எச்சரிக்கை தேவை என்றுதான் நாட்டுக்குப் பொதுவாகப் போட்டிருந்தது. போகவே வேண்டாம் என்று சிவப்பில் இருந்தது எல்லைப்புற மாகாணங்களுக்கு. கார்தகேனா அந்தச் சிவப்பில் இல்லை. அதை மஞ்சள் பேனையால் கோடிட்டாள்.

அடுத்தது சாட்சி. சாட்சிக்கு எங்கேயும் போகத் தேவையில்லை, அதே கடையில் எதிர் மேசையில் நின்றது. யானெத் கார்தகேனாக்காரி. ஆறு வருடமாக இரண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு, ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் யானெத் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"என்னுடைய ஊருக்கா? உன் மகளின் கலியாணமா? கடவுளே!"

சிவமலருக்குக் கட்டிப்பிடிப்பு வேண்டாம், விபரம் வேண்டும். ஒவ்வொரு மத்தியானமும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தாள். யானெத் ஒளிக்கவில்லை. மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் பகலில் தாராளமாக நடக்கலாம், சுற்றுலாப் பொலிஸ் நிற்கும். டாக்ஸியில் ஏறமுதல் விலை பேசு, ஏறினபின் பேசினால் தொலைந்தாய். கடற்கரையில் ஒருத்தி வந்து கேட்காமலே காலைப் பிடித்துவிடுவாள், பிறகு காசு கேட்பாள், காலை இழுத்துக்கொள். போனைக் கையில் ஆட்டிக்கொண்டு திரியாதே. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்காதே. நகை போடாதே. இருட்டினபின் மதிலுக்கு வெளியே தனியாகப் போகாதே. அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள்.

சிவமலர் இதையெல்லாம் எழுதி, எதிர்ப்பக்கத்தில் தன் பதிலையும் எழுதினாள். நகை: என்னிடம் இல்லை. இருட்டு: எட்டு மணிக்குப் படுக்கிறவள். போன்: பையைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. களவு: மொன்றியலில் மெத்ரோப் படியில் ஒருமுறை கைப்பை பறிபோயிருக்கிறது, அதற்காக ஒருவரும் என்னை மெத்ரோவில் ஏறவேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் யானெத்திடம் ஒரு கடிதமும் வாங்கினாள். சும்மா கடிதம் இல்லை. பெயர், விலாசம், திகதி, கையெழுத்து, அடையாள அட்டையின் பிரதி எல்லாம் வைத்த கடிதம். யானெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ கலியாணத்துக்குப் போகிறாயா, நீதிமன்றத்துக்கா?"

முதலாளியிடம் பெப்ரவரியில் ஒரு கிழமை லீவும் கேட்டு வைத்தாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பனிக்குள் இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பக்கங்களின் ஓரத்தில் அடையாளத்துக்கு நிறத்தாள் துண்டு ஒட்டியிருந்தது. தனுஷா புரட்டினாள். யானெத்தின் அடையாள அட்டைப் பிரதி வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மத்தியூ உள்ளேயிருந்து வந்தான். மாமியாரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"என் அம்மாவுக்கு விமானத்தில் சக்கர நாற்காலி பதிந்தாகிவிட்டது" என்றான் பிரெஞ்சில். "எழுபத்துநாலு வயது, இடுப்பில் ஒபரேஷன். அவவே வருகிறா. நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்? எவ்வளவு சொல்லியும் நீங்கள்தான் மாட்டேன் என்கிறீர்களாம், தனுஷா சொன்னாள்."

சிவமலர் மகளைப் பார்த்தாள். தனுஷா பைலைப் பார்த்தாள். மத்தியூ இருவரையும் பார்த்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"ஆர் பயப்பிட்டது?" என்றாள் சிவமலர்.

"அம்மா, பிளீஸ்."

"சம்மந்திக்குப் பாதுகாப்பான ஊர், எனக்கு மட்டும் கத்திக்குத்தோ?"

தனுஷா நாற்காலியில் இருந்தாள். பிறகு ஒரேயடியாகக் கொட்டினாள். "உங்களைக் கூப்பிட்டால் ரொறன்ரோ மாமாவைக் கூப்பிடோணும். மாமா வந்தால் மாமியின்ர ஆக்கள். பேந்து கிளி அன்ரி. பேந்து ஐயர் எங்கை, தாலி எங்கை, ஏன் இந்த நாள் பாத்தனீங்கள்... நாப்பது பேர் அம்மா. நீங்கள் வந்தால் அது எங்கட சனத்தின்ர கலியாணமாப் போயிடும். எனக்கு அது வேண்டாம்."

"நான் தனிய வாறன். ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

"தெரியவந்தால்? தாய் போனவ, எங்களுக்கு ஒரு சொல்லில்லை எண்டு மாமா சாகும்வரை உங்களோடை கதைக்கமாட்டார். நீங்களும் போகேல்லை எண்டால் ஆருக்கும் கோவமில்லை. அந்த ஊர் பயம், அதுதான் போகேல்லை எண்டு நீங்கள் சொன்னால் போதும்."

கணக்கு எவ்வளவு துப்புரவாக இருக்கிறது பாருங்கள்! எல்லாருடைய மனமும் நோகாமல் பார்த்த பிள்ளை, ஒரே ஒரு மனத்தைக் கணக்கில் விட்டுவிட்டது.

"எனக்கு உனக்குப் பக்கத்திலை நிக்கோணும் எண்டு ஆசை, பிள்ளை" என்றாள் சிவமலர். "இஞ்சை எண்டால் என்னை நிக்க விடமாட்டினம். அங்கை ஆர் கேக்கிறது எண்டு நினைச்சன்."

தனுஷா அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். தாயின் மடியில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரியே அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முடிவை மாற்றவில்லை.

சிவமலர் பைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தாள்.  பெற்ற பிள்ளை மேல் எரிச்சல் வந்தால் அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இல்லை. யானெத்துக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட லீவையும் வேண்டாம் என்று சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

பெப்ரவரி வந்தது. குளிர்காலத்தில் சந்தையின் உள்மண்டபத்தில்தான் வியாபாரம். செவ்வாய்க்கிழமை கிளி அக்கா வந்தாள். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்ச் சனத்தில் ஒருவர் தும்மினால் மற்றவருக்குச் செய்தி கொண்டுபோகிறவள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"என்னடி சிவமலர், மகளுக்குக் கலியாணமாம், நீ இஞ்சை நிண்டு கரட் அடுக்கிறாய்? நீ போகேல்லையோ?"

சிவமலர் கரட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்கை அக்கா போறது? அது பொல்லாத ஊர். பட்டப்பகலிலை பறிக்கிறாங்கள், குத்துறாங்கள். அதுகள் இளசுகள், ஓடித் தப்பும். பிள்ளை வா வா எண்டு காலிலை விழாத குறை. நான்தான் மாட்டன் எண்டிட்டன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். அவள் மறைத்தாள்.

"அப்பிடியோ! என்ன ஊரடி அது?"

"கார்தகேனா."

எதிர் மேசையில் யானெத்தின் காதில் ஊர்ப் பெயர் விழுந்தது. முகம் முழுக்கச் சிரிப்பாகி, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தன் மேசைக்குக் கீழிருந்து தூக்கிவந்த ஒரு பொதியைக் காட்டினாள். "என் ஊர்! சொர்க்கம்! என் தங்கச்சி இவளுக்காகக் காத்திருக்கிறாள்!" என்று பிரெஞ்சில் படபடத்தாள். கிளி அக்காவுக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி'க்கு மேல் பிரெஞ்சு தெரியாது.

"என்ன சொல்லுறாள் இவள்?"

சிவமலர் யானெத்தின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இவளும் அந்த ஊர்தான் அக்கா. தங்கச்சி அங்கை மாட்டுப்பட்டிருக்கிறாளாம். தான் செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டன் எண்டு சொல்லுறாள்."

"ஐயோ பாவம்" என்றாள் கிளி அக்கா. யானெத்தின் கையைப் பிடித்துத் தடவினாள். கண்கூடக் கலங்கியது. "எங்களைப் போலத்தான் அதுகளும்" என்று சொல்லி, ஒரு கட்டுக் கரட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

"அந்த அக்கா என்ன சொன்னாள்?" என்று யானெத் கேட்டாள்.

"கலியாணத்துக்கு வாழ்த்துச் சொன்னாள்."

"நல்ல மனுசி." யானெத் பொதியை அவள் கையில் வைத்தாள். ஒரு போத்தல் மேப்பிள் பாணியும் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு உடுப்பும் என்றாள். "வியாழக்கிழமைதானே பறக்கிறாய்? தபாலில் போட எனக்கு மனமில்லை. நீயே அவள் கையில் கொடு. இரண்டு பேரும் சேர்ந்து நின்று எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு."

சிவமலர் பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சரி அனுப்புகிறேன் என்றாள்.