காகிதம் இல்லாத ஒன்பது வருஷம்

நேர்காணலுக்கு வந்திருந்த பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் கோப்பு இல்லாமல் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அவ்வளவுதான். ஹனூரில் முதல் பஸ் பிடித்து, கொள்ளேகாலில் மாறி, மைசூரில் இறங்கி, தொழிற்பேட்டை வரை நடந்தே வந்திருந்தாள். "உட்காரும்மா" என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

நான் அப்போது ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் மனிதவள அதிகாரி. ஆள் தேவைப்பட்டது குப்பிகளைப் பரிசோதிக்க. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான பலகைக்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு குப்பியையும் மெல்லச் சுழற்றி, தூசி, இழை, கண்ணாடித் துணுக்கு ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. அவளுக்கு முன்னால் வந்தவன் பெரிய கம்பெனியில் நான்கு வருஷம் இருந்தவன், சிறந்த ஊழியர் விருதுகளைக் கண்ணாடித்தாள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. "உன்னை எதுக்கும்மா எடுக்கணும்?" என்று கேட்டேன். "நல்லாப் பார்ப்பேனுங்க மேடம். என்ற கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போவாதுங்க" என்றாள்.

உற்பத்தி மேலாளர் சிரித்துவிட்டார். "ஆகல்லா மேடம், வெறும் பத்தாவது" என்றார் கன்னடம் கலந்த தன் அரைத்தமிழில். நான் விடவில்லை. அவன் வேறெங்கோ நேற்று செய்தது நமக்கு எதற்கு, இவள் நாளைக்கு நம்மிடம் செய்யப்போவதைப் பாருங்கள் என்று வாதாடி ஜெயித்தேன். அந்த வெற்றியில் எனக்கு ரொம்பப் பெருமை. பயிற்சி வகுப்புகளில் புதிய அதிகாரிகளுக்கு அவள் கதையைத்தான் சொல்வேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஏதோ பெரிய தர்மத்தை நிலைநாட்டியவள் மாதிரி வீட்டுக்குப் போவேன்.

அவள் சொன்னபடியே பார்த்தாள். பரிசோதனைக் கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவள் 'ஹனூர் அக்கா' ஆனாள். கண் கெட்டுவிடும் என்று வீட்டில் டிவி பார்க்க மாட்டாள் என்று அவர்கள் கேலி செய்வார்கள், அது உண்மைதான். ஒருமுறை ஒரு தொகுப்பில் வரிசையாக மூன்று குப்பிகளில் மயிரிழை மாதிரி எதையோ பார்த்துவிட்டு, மேலாளர் கத்தக் கத்த மொத்தத்தையும் நிறுத்தி வைத்தாள். வடிகட்டி கிழிந்திருந்தது பிறகு தெரிந்தது. மேலாளர் வடிகட்டியை மாற்றினார், நன்றி சொல்ல மறந்துவிட்டார். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருக்கு எதுவுமே ஆகாமல் போனது. அதற்கு யார் சாட்சி?

ஆறாவது வருஷம் அவள் பி.யு.சி. தேர்வைத் தனியாக எழுதப் பணம் கட்டியிருந்தாள். இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு அதுதான் பெயர். தன்னைவிட இருபது வயது குறைந்தவர்களோடு உட்கார்ந்து எழுத வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, சாப்பாட்டு நேரத்தில் பாடம் படிப்பாள். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து ஐந்து நாள் லீவு கேட்டாள். அதே வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. நான் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன்னை நான் பேப்பர் பார்த்தா எடுத்தேன்? இந்த வாரம் நீ இல்லாம ஆகாதும்மா. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். வந்தவர்கள் பரிசோதனைக் கூடத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அவள் பணம் கட்டவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வருஷம் கம்பெனி கை மாறியது. புதிய நிர்வாகத்தில் பரிசோதகர்கள் குறைந்தது பி.யு.சி. தேறியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல். பெயர், வயது, படிப்பு. அவள் பெயர் சிவப்பில் இருந்தது. என் மகன் வயதுள்ள அதிகாரி ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொல்றதை நம்பறேன் மேடம். ஆனா ஏதாவது ரெக்கார்ட் காட்டுங்க, மேலே எழுதறேன்" என்றார். மூன்று நாள் தேடினேன். எங்கள் ஆபீசில் தப்பு நடந்தால்தான் காகிதம் பிறக்கும். புகார், விசாரணை, விளக்கம் என்று தப்பு செய்தவர்களுக்குத் தடிதடியாகக் கோப்பு இருந்தது. அவள் கோப்பில் சேர்ந்த நாள் கடிதமும் வருஷாவருஷம் கண் பரிசோதனைச் சீட்டும் மட்டும். அந்த வடிகட்டி விஷயம்கூட இயந்திரப் பராமரிப்பு என்று பதிவாகியிருந்தது.

அவள் வேலை போனது. அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது நான்தான். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை திருப்திகரம். அதற்கு மேல் எழுத வார்ப்புருவில் இடமில்லை. அதை வைத்துக்கொண்டு அவள் நான்கு கம்பெனிகள் ஏறி இறங்கினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான்கிலும் வாசலிலேயே படிப்பைக் கேட்டார்கள்.

இப்போதும் ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு, ஆளெடுக்கும்போது பழைய சாதனையைப் பார்ப்பதா, சிரத்தையைப் பார்ப்பதா என்று இளம் அதிகாரிகள் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே கசக்கிறது. சாதனை செய்தவன் அதைக் கோப்பில் போட்டு எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறான். சிரத்தை அப்படியல்ல, வாங்கிக்கொண்டவரிடமே அது தங்கிவிடுகிறது. கொடுத்தவள் வெறுங்கையோடு கேட்டைத் தாண்டிப் போகிறாள். சிரத்தைக்கு மதிப்புக் கொடுத்தேன் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம், மலிவாகக் கிடைத்ததை அள்ளிக்கொண்டதுதான்.

போன மாதம் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் கொள்ளேகாலில் ஒரு பட்டுக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே அவள், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க மேடம், நல்லாருக்கீங்களா? காப்பி சொல்றேனுங்க" என்றாள். அத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்த ஐந்து நாள் லீவை நான் கொடுத்திருக்க வேண்டும், உன் வேலையைக் கெடுத்தது அந்தப் புது நிர்வாகம் இல்லை, நான்தான் என்றேன்.

அவள் சேலையின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள். பிறகு சிரித்தாள். "அட அதையெல்லாம் ஏனுங்க மேடம் மனசுல வெச்சுக்கறீங்க? அன்னிக்கு வீட்டுக்குப் போயி எல்லார்கிட்டயும் சொன்னேனுங்க, நான் இல்லாம அங்க ஆகாதுன்னு மேடமே சொல்லிட்டாங்கன்னு. அதுக்கு முன்னால யாரும் என்னைய அப்படிச் சொன்னதில்லீங்க. அன்னிக்கு ராத்திரி சந்தோசத்துல எனக்குத் தூக்கமே வரலீங்க."

அவள் என்னைத் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தக் காப்பியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.