பாலைவனப் பாட்டுக்கு ஒரு பஸ்

ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஒரே ஒரு நிம்மதி உண்டு: ஊர் எங்கும் ஓடிப்போய்விடாது. காணாமல் போவதும், கோபித்துக்கொண்டு நடுவழியில் இறங்குவதும், இறங்கியவரைத் தேடப் போய்க் காணாமல் போவதும் ஆட்கள்தான். சொந்தக்காரர்களை ஒரு வேனில் அடைத்துக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த அரை நாள் துன்பத்தைப் பதினைந்து நாளைக்கு நீட்டிப் பாருங்கள். என் பிழைப்பு என்னவென்று புரிந்துவிடும்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு சைக்கிள் கடை மாடியில் என் ஆபீஸ். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் சேலத்திலிருந்து அந்தோணிசாமி வாத்தியார் படியேறி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். ராஜஸ்தான் பாலைவனத்தில் வருஷத்துக்கு ஒரு முறை மூன்று நாள் இசை விழா நடக்கிறதாம். அந்த மண்ணின் பாடகர்களை ரேடியோவில் ஒரே ஒரு தடவை, கரகரப்புக்கு நடுவில் கால் மணி நேரம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஆசை. இடது காது ஏற்கெனவே போய்விட்டது, வலது காதுக்கு டாக்டர் உத்தரவாதம் தரவில்லை, அதுவும் போவதற்குள் நேரில் கேட்டுவிட வேண்டும் என்றார்.

ஒரு காதுக்காக ஒரு பஸ்ஸை ஓட்ட முடியாது. எனவே ‘புஷ்கரத்தில் புனித முழுக்கு’ என்று பெரிய எழுத்திலும், ‘மற்றும் பாலைவன இசை விழா’ என்று சின்ன எழுத்திலும் நோட்டீஸ் அடித்தேன். முழுக்குக்கு முப்பத்தோரு பேர் சேர்ந்தார்கள். பாட்டுக்கு அவர் ஒருவர்தான்.

மணல் பார்க்கக் கட்டணம்

சீட்டுப் பதிய வந்தவர்களில் சேந்தமங்கலம் பழனியப்பன் முக்கியமானவர். பன்னிரண்டு ஏக்கர் மேட்டு நிலம், எங்கள் பேச்சில் காடு. மூன்று வருஷமாக மழை இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்கு நான்கு போர் போட்டு நான்கிலும் தண்ணீருக்குப் பதில் மண்புகைதான் வந்திருக்கிறது. புஷ்கரத்தில் முழுகினால் ஐந்தாவது போரிலாவது தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லி, மனைவி பாவாயி அம்மாள் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

பழனியப்பன் நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு, அந்தப் பாலைவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் என்றேன். மரம் உண்டா என்றார். கிடையாது. தண்ணீர்? அதுவும் கிடையாது, அதைப் பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏனுங்க, அதுக்கு எதுக்குங்க அத்தனை தூரம்? அவிங்களை எங்க காட்டுக்குக் கூட்டியாங்க, நான் சும்மாவே காட்டறேன்.”

கொட்டாய்

விழா நடக்கும் இடத்தில் தங்குவதற்குக் கூடாரங்கள் சொல்லி வைத்திருந்தேன். துணி வீடு, கட்டில் உண்டு, விளக்கு உண்டு, நிலா வெளிச்சத்தில் மணல் வெள்ளியாக மின்னும் என்று பயணத்துக்கு முந்தின கூட்டத்தில் விளக்கினேன். கொட்டாயா என்று கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் பக்கத்தில் கொட்டாய் என்றால் மாடு கட்டுகிற இடம், கடலைக்கொடி போட்டு வைக்கிற இடம், அதிகம் போனால் காவலுக்குப் படுக்கிற இடம். பணம் கட்டி அதில் படுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

இதன் பலன் புறப்படும் அன்று தெரிந்தது. என்னை நம்பி யாரும் வரவில்லை. பஸ் மேலே அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு, புளிப்பானை, ஊறுகாய் ஜாடி, ஒரு மூட்டைத் தேங்காய் எல்லாம் ஏறின. வாத்தியார் மட்டும் ஒரு தோல்பையோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். இத்தனை சாமான் எதற்கு, சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு அல்லவா என்று பாவாயி அம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

“கொட்டாய்ல படுக்க வெக்கறவங்க சோறு எப்படிப் போடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா சாமி.”

டிரைவர் ராசுவின் ரசனை

டிரைவர் ராசு எடப்பாடிக்காரர். இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு, மூட்டைகளை விட மனிதர்கள் மேல் என்று நினைத்து பஸ்ஸுக்கு வந்து ஏமாந்தவர். வழி கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரியை எத்தனை தூரத்தில் இருந்தும் பின்பக்கத்துப் பெயிண்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் அதன் பின்னாலேயே போவார். நம்ம ஊர் லாரி போகாத ஊரே இல்லை, பின்னால் போனால் எல்லா ஊரும் வந்துவிடும் என்பது அவர் கொள்கை.

புஷ்கரத்தில் முழுக்கு நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்து கிளம்பியதும் அப்படி ஒரு லாரி கிடைத்தது. ராசு முகம் மலர்ந்து அதன் பின்னாலேயே முக்கால் நாள் ஓட்டினார். பொழுது சாயும் நேரத்தில் லாரி ஒரு கல் குவாரிக்குள் நுழைந்து நின்றது. நாங்களும் நின்றோம். இசை விழாவின் முதல் நாள் அப்படிக் கழிந்தது. திரும்பி வந்து சரியான ரோட்டைப் பிடிப்பதற்குள் இரண்டாம் நாளும் போனது.  வாத்தியார் வலது காதை மட்டும் அடிக்கடி தடவிக்கொண்டார். அது எனக்கு வசவை விட மோசமாக இருந்தது. ராசுவைப் பிடித்துச் சத்தம் போட்டேன்.

“நம்ம மேல தப்பில்லீங்க. அந்த லாரிக்காரனுக்குப் பாட்டுக் கேக்கற ரசனை இல்ல.”

நான்கு மாசத்து ரசம்

மூன்றாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் ஆள் வராததால் எங்கள் கூடாரங்களை வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தர்மசாலை நிரம்பி வாசலில் படுத்திருந்தார்கள். வீடு வீடாகக் கேட்டதில் ஓர் ஒட்டகத் தொழுவம் மட்டும் கிடைத்தது, அதிலும் ஒட்டகம் காலி செய்யவில்லை. முப்பத்திரண்டு பேரும் பஸ் நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி நாமக்கல் போனால் அதற்குப் பிறகு திருச்செங்கோடு மலைக்குக்கூட என் பஸ்ஸில் ஒருவரும் ஏறமாட்டார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்போது விழா மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய வண்டி தெரிந்தது. ராசுதான் முதலில் பார்த்தார். போர் போடும் ரிக் வண்டி. நெற்றியில் தமிழில் ‘திருச்செங்கோடு’ என்று எழுதியிருந்தது. விழாவுக்கு ஒட்டக வண்டியில் தண்ணீர் சுமந்து கட்டுப்படியாகாமல், விழாக் கமிட்டியே இவர்களை வரவழைத்திருந்தது. ரிக் மேனேஜர் செல்லமுத்து, பஸ்ஸில் இருந்து இறங்கிய சேலைகளையும் வேட்டிகளையும் பார்த்ததும் ஓடி வந்தார். பிறகு தார்ப்பாய்களைப் பிரித்துக் கட்டச் சொன்னார். பாவாயி அம்மாள் அதற்குள் அடுப்பை இறக்கிவிட்டார். உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறோம் என்று நான் இழுத்தேன்.

“படுக்க எடம் எத்தனை வேணுமுன்னாலும் எடுத்துக்குங்க. நம்மூரு ரசம் கண்ணுல பாத்து நாலு மாசமாச்சுங்க.”

நின்ற தேங்காய்

கமிட்டி காட்டிய இடத்தில் போட்ட போர் முந்தின நாளே புகையாகிவிட்டது. அதைக் கேட்டதும் பழனியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் மேலே ஏறி ஒரு தேங்காயை எடுத்து வந்து, உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படி நின்ற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அவர் காட்டில் நான்கு தடவை நின்று நான்கு தடவை ஏமாற்றியது இதே முறைதான். அதை யாரும் நினைவூட்டவில்லை.

தலையில் துண்டு, கையில் தேங்காய், மண்ணைப் பார்த்தபடி மெதுவான நடை. விழாவின் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தார்கள். நம் பஸ் ஜனமும் பின்னால் போனது. மேடைக்குப் பின்புறம் இருபது அடியில் தேங்காய் எழுந்து நின்றது. கமிட்டிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் காமிராவோடு நெருங்கி வந்தார். பழனியப்பன் தமிழிலேயே கண்டித்தார்.

“போட்டோ அப்பறம் புடிக்கலாமுங்க, மொதல்ல காலை எடுங்க. பாயிண்டு மேல நிக்கறீங்க.”

அறுநூறு அடி

பகல் பதினோரு மணிக்கு ரிக் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. இருநூறு அடி, புகை. முன்னூறு அடி, புகை. எங்கள் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழியைச் சுற்றி உட்கார்ந்து, மண்ணின் நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குப் பாட்டு. பாடகர்கள் மேடையில் ஏறி, தலைப்பாகையைச் சரிசெய்து, வாயைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டார்கள். அதுதான் விழாவின் கடைசி மாலை. மறுநாள் விடிந்ததும் எங்கள் பஸ் கிளம்பியாக வேண்டும், ஊரில் பாதிப் பேருக்கு முகூர்த்தம் இருந்தது.

அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிச் செல்லமுத்துவிடம் கெஞ்சினேன். பாதியில் நிறுத்தினால் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும் என்றார். அதுவும் உண்மைதான். வாத்தியார் முன்வரிசையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். தண்ணீருக்காக வேண்டிக்கொள்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அறுநூறாவது அடியில் கமிட்டி பேசிய ஆழம் முடிந்தது. அதற்கு மேல் போடச் சொல்ல அவர்களிடம் வழியில்லை. செல்லமுத்து கையை விரித்தார். ரிக் நின்றது. ஒரு சொட்டு இல்லை.

அந்த அமைதியில்தான் பாட்டு எழுந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் மடியில் ஒரு வாத்தியத்தை வைத்து வில்லால் இழுத்தார், இன்னொருவர் இரண்டு மரத்துண்டுகளை விரலில் தட்டினார். வாத்தியார் வலது காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடம்பெல்லாம் புழுதியாக எங்கள் முப்பத்தோரு பேரும் ஒவ்வொருவராக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். என்ன பாடுகிறார்கள் என்று பழனியப்பன் ராசுவைக் கேட்டார். ராசு தன் லாரி ஹிந்தியில் பக்கத்து ஆளிடம் விசாரித்து வந்து சொன்னார்: மேகமே, அடுத்த ஊருக்கெல்லாம் போகிறாயே, எங்கள் ஊர் உனக்கு வழியில் இல்லையா என்று கேட்கிறார்கள். பழனியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் மூணு வருசமா அதையேதானுங்க கேக்கறேன். எனக்குப் பாடத் தெரியல, அவ்வளவுதான்.”

வாத்தியாரின் பாவம்

திரும்பும் வழியில் இரண்டு நாள் வாத்தியார் யாரோடும் பேசவில்லை. ஆசைப்பட்டது கிடைத்த மனுஷன் இப்படி இடிந்து உட்காருவானேன் என்று எனக்குக் கவலையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு டீக்கடை நிறுத்தத்தில் பழனியப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அன்றைக்கு ஜெபமாலை உருட்டியது தண்ணீருக்காக அல்ல, அந்த வண்டி நின்று தொலைய வேண்டும் என்றுதான் மாதாவிடம் மன்றாடினேன் என்று சொன்னார். நின்றுவிட்டது. ஓர் ஊரே குடிக்க வேண்டிய தண்ணீரைத் தன் ஒற்றைக் காதுக்காகக் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார். 

பழனியப்பன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“உங்க வேண்டுதலு அத்தனை பலிக்குதுங்களா வாத்தியாரே? அப்ப ஆடியில எங்க காட்டுல அஞ்சாவது போரு போடறேன், வந்து இதே மாதிரி குந்திக்கிட்டு மாத்தி வேண்டிக்குங்க.”

தங்க இடம் பிடிப்பதும் வழி காட்டுவதும்தான் என் தொழில் என்று என் ஆபீஸ் போர்டு சொல்லுகிறது. அந்தப் பயணத்தில் இரண்டிலும் கோட்டை விட்டேன், அதனால்தானோ என்னவோ, அடுத்த வருஷம் அதே முப்பத்திரண்டு பேரும் சைக்கிள் கடைப் படியேறி வந்து சீட்டுக் கேட்டார்கள்.