திரையை நிறுத்திக் கேள்வி கேட்ட அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகராது என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் ஆகவில்லை. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும், அழுகை கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

ஆத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அக்கா கல்லூரியிலும் நான் பள்ளியிலும் இருந்தோம். பகலில் கல்லூரி, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஓடி, என்னையும் கரை சேர்த்தார். திருமணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகு ஒரு கடலோரப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. துறைமுகத்தில் கிரேன் இயக்கும் அத்தான், “மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துத ஆளை அரசாங்கம் எங்கன கொண்டு போட்டிருக்கு பாத்தியா மாப்ள” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

புன்னைக்காயல் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உப்பளத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் சிலர் படிப்பை விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் உடம்பை வகுப்பில் வைத்துவிட்டு மனதை வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த மனதைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதுதான் அக்காவுக்கு வாழ்நாள் வேலையாகிப் போனது. பள்ளிக்குத் தொடுதிரை வந்த நாளிலிருந்து படம், ஒலி, கேள்வி எல்லாம் கலந்த பாடங்களைத் தானே செய்யத் தொடங்கினார். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்காக, அவற்றை வெட்டி ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் பாடமே கவிழ்ந்தது. பொழுது முடிவதைக் காட்ட, கடலுக்குள் சூரியன் இறங்கும் அழகான படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். வகுப்பே சிரித்துவிட்டது. “டீச்சர், இது எந்த ஊரு கடலு? நமக்குச் சூரியன் கடல்லருந்துலா எந்திக்கும்?” என்று ரெஜினா என்ற மாணவி கேட்டிருக்கிறாள். வயல் நடுவே வளர்ந்த அக்காவுக்கும் எனக்கும் அது உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தானைக் கூட்டிக்கொண்டு கைப்பேசியோடு உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அதிலிருந்து அவர் பாடங்களுக்கு ஒரு பாணி வந்தது. முதலில் திரை இருட்டாக இருக்கும், ஒலி மட்டும் கேட்கும். உப்பை வாரும் ஓசை, படகு எஞ்சின், கப்பல் ஊதுவது. என்ன அது என்று பிள்ளைகள் ஊகித்த பிறகுதான் படம் வரும். படம் சூடு பிடிக்கிற நேரத்தில் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் வாதாடி முடிக்காமல் திரை நகராது. “ஏல, படம் ஓடிக்கிட்டே இருந்தா பிள்ளைக சினிமா பாக்கும். நின்னாத்தான் யோசிக்கும்” என்பார். நான் நன்றாக ஓடுகிற இடத்தில் வெட்டச் சொல்லுகிறாரே என்று எரிச்சல்படுவேன்.

பிறகு தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவின் குரல் போய்விடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லாப் பாடங்களையும் அவர் குரலிலேயே பதிந்து வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

“உன் குரல்ல இருந்தாத்தான்க்கா பிள்ளைக கேக்கும்.”

“பாடத்துக்காவ குரலா, குரலுக்காவ பாடமால? பிள்ளைகளே பேசட்டும்.”

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நீர் ஆவியாவது பற்றிய உப்பளப் பாடத்தை மட்டும் தன் குரலில் பதிந்து தந்தார். சிகிச்சைக்குப் பின் மறுபடி பள்ளிக்குப் போனார். கைப்பேசியில் எழுதிக் காட்டியே ரெஜினா கூட்டத்தை மைக்கின் முன் நிறுத்தி மற்றப் பாடங்களைச் செய்தார். நோய் திரும்பி வந்து படுக்கையில் கிடந்தபோதும், கேள்வி எங்கே வர வேண்டும் என்று சைகையில் எனக்குக் காட்டினார். கடைசி நாட்களில் அவர் மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அக்கா அமைதியாகப் போய்விட்டார்.

இந்த நினைவு நாளில் அந்த உப்பளப் பாடத்தை ஒலிக்கவிட்டு, அக்காவின் குரலை நீங்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. என்னிடமிருந்த பிரதி, என் கணினி கெட்டபோது அதோடு போய்விட்டது. ஊரார் கணினியைப் பழுது பார்க்கிறவனின் கணினி அப்படித்தான் இருக்கும். பள்ளியில் இருப்பது ஒன்றுதான் மிச்சம் என்று நம்பி, போன மாதம் அங்கே போனேன்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் ரெஜினா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அதை அழிச்சிட்டோம் சார். அதுல வர்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பதில் தெரிஞ்சு போச்சு. முன்னாடி படிச்சவங்க சொல்லிக் குடுத்திருதாங்க. பதில் தெரிஞ்ச பாடத்தை அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்கன்னு டீச்சர்தான் எழுதிக் காமிச்சாங்க.”

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு பிரதியாவது வைத்திருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பாடம் ஓடத் தொடங்கிவிட்டது.

திரை இருட்டு. உப்பை வாரும் ஓசை. பிறகு வெள்ளைப் பாத்திகள், வெயில். படம் கடலுக்குத் திரும்பிய இடத்தில் சட்டென்று நின்றது. ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது: “இதே வெயிலு கடல் மேலயும்தான் அடிக்கி. அங்கன ஏன் உப்புப் பூக்கல?”

வகுப்பு இரைந்தது. ஆறு வந்து கலக்குவதால் என்றான் ஒருவன். ஆழம் அதிகம் என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்றே வாதாடினார்கள், வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. பதில் எனக்கும் தெரியவில்லை. கோபத்தை மறந்து நானும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், விடுப்பெடுத்துக் கூடவே இருந்த அத்தானுக்கும், மகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று அக்காவின் குரலை உங்களுக்குக் கேட்கச் செய்ய முடியாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை அழித்துவிட்டு, அவர் விட்ட இடத்திலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அக்காவின் சார்பில் என் நன்றி.