தங்கை வெட்டாத காட்சி

என் தங்கையை வேலை செய்யும் இடத்தில் பூனை என்று கூப்பிடுவார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறாள். முன்பு கல்யாண வீடியோக்கள்தான். மாப்பிள்ளை விட்ட கொட்டாவியைச் சுவடில்லாமல் எடுத்துவிடுவாள். நான் எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் பெயர் திரையில் ஓடும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

ராணுவ ஆட்சி நடத்திய ஜெனரல் நாட்டைவிட்டு ஓடி, முதல் தேர்தலும் முடிந்த பிறகு, ஜனங்கள் அந்த ஆட்சியில் ரகசியமாக எடுத்து மாவு டப்பாவிலும் தலையணை உறையிலும் ஒளித்து வைத்திருந்த வீடியோக்களை வெளியே எடுத்தார்கள். அவற்றைச் சேர்த்து ஒரு படமாக்கும் வேலை தங்கைக்கு வந்தது. அவள் வேலை செய்யும் விதமே தனி. சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு தடவைக்கு ஓர் ஆளை மட்டும் பார்ப்பாள். அவர் எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ஆள். கூட்டம் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொருத்தராகப் பார்த்தால்தான் புரியும் என்பாள். படத்தில் முகம் தெரிகிறவர்களைத் தேடிப்பிடித்து, வெளியிடும் முன்பே போட்டுக் காட்டுவதும் அவள் வழக்கம்.

அதனால் என்னையும் என் கணவரையும் அவள் வரச் சொன்னபோது நான் பூரித்துப்போனேன். சந்தைத் திடலில் ஜெனரலை எதிர்த்து ஊர்வலம் நடந்த அன்று, ராணுவம் துரத்தியதில் அவர் கால் நசுங்கிப்போனது. அப்படித்தான் சொல்லியிருந்தார். ஜெனரல் போன பிறகு எங்கள் தெருவில் அவருக்குத் தனி மரியாதை. எந்தக் கூட்டத்திலும் முன்வரிசை நாற்காலி. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்து, ஹீரோ கணக்கா இருக்கீங்க என்று கேலி செய்தபடியே கூட்டிப்போனேன்.

தங்கை சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டு வீடியோவை ஓடவிட்டாள்.

மாடியிலிருந்து எடுத்தது. திடலின் ஓரத்தில் ராணுவ லாரி நிற்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து என் கணவர் இறங்குகிறார். ஒரு சிப்பாய் கைகொடுத்து இறக்கிவிடுகிறான். அவர் கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டுகிறார். விரல் காட்டிய இடத்தில் எங்கள் தெரு பிரெட் கடைக்காரம்மாவின் மகன். அவனைத் தூக்கி லாரிக்குள் போடுகிறார்கள். லாரி பின்னோக்கி வருகிறது. என் கணவர் விலகத் தாமதித்துவிடுகிறார்.

அந்தக் காலுக்குத்தான் இத்தனை வருஷமாக நான் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

வேறு யாரோ என்று சொல்லவும் வழியில்லை. அவர் போட்டிருந்தது நான் தைத்த சட்டை. பூனைக்கு இது தெரிந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. சந்தேகத்தில் ஒருவரைச் சொல்லக் கூடாது என்று, இன்னொரு கோணத்தில் எடுத்த வீடியோ கிடைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அதற்கிடையில் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். இவர்தான் பரிமாறியிருக்கிறார்.

கணவர் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் தூக்கிவாரிப்போட்டது. "அந்த இடத்தை மட்டும் வெட்டிடு பாப்பா. உன்னைப் படிக்க வச்சவன் நான்" என்றார்.

"மறக்கல மாமா. ஆனா உங்களை வெட்டினா அந்தப் பையனையும் வெட்டணும். அவன் கடைசியா தெரியறது இதுலதான். அப்புறம் அவனை யாருமே பார்க்கல."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னா கேப்பா. சொல்லேன்."

நான் சொன்னால் அவள் கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரெட் கடைக்காரம்மா இதைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். நாளைக்கு வருகிறார் என்றாள்.

"அப்ப நானும் வரேன். அவங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"வேணாம்க்கா. உன்னை என்ன கேப்பாங்களோ."

"கேக்கட்டும்" என்றேன்.