கடைசி பெஞ்சு

காஞ்சிபுரத்தில் இன்று வாக்குப்பதிவு. செங்கல்பட்டு பஸ்ஸுக்காக ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே நிற்கிறேன். கல்லூரிதான் வாக்குச்சாவடி. பக்கத்தில் பெட்டியோடு நிற்கும் ரேவதி அங்கேயே மூன்றாம் ஆண்டு படிக்கிறவள். சாவடி வைப்பதால் விடுதியைக் காலையில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய ஓட்டு தென்காசியில். நேற்று மாலை வரை செய்முறைத் தேர்வு இருந்தது; இரவு பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. இனிமேல் கிளம்பினால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். ஊருக்கே திறந்திருக்கும் வாசலில் இவளுக்கு மட்டும் வேலையில்லை.

"ஓட்டை விடுதி முகவரிக்கு மாற்றியிருக்கலாமே?" என்கிறேன்.

"விண்ணப்பம் எழுதினேன் சார். இங்கதான் தங்கியிருக்கேன்னு வார்டன் கையெழுத்துப் போடணும். 'படிக்க வந்தியா, ஓட்டுப் போட வந்தியா'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஹாஸ்டலுக்குள்ள அரசியல் வந்துடுமாம்."

ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு நெசவாளர் வருகிறார். மை வைத்த விரலில் துணி சுற்றியிருக்கிறார். தறியில் வெள்ளைப் பட்டு ஓடுகிறதாம், கறை பட்டால் புடவையே போச்சாம்.

"எந்த ரூம்ல அண்ணா வெச்சிருக்காங்க?" என்று ரேவதி கேட்கிறாள்.

"படிக்கட்டு பக்கத்து ரூம்மா. ஜன்னலோரம் கடைசி பெஞ்சு மேல மெஷினு."

"அது என் பெஞ்சு. கால் ஆடுமே?"

"ஆடலியேம்மா. அடியில பேப்பரை மடிச்சி வெச்சிருக்குது. கெட்டியா நிக்குது."

"நான் வெச்சதுதான்," என்கிறாள் ரேவதி. "வார்டன் கையெழுத்துப் போடாத அந்த விண்ணப்பம்."