ஊசிக் கை

அந்த அக்கா இடது கையைத் தலையணைமேல் நீட்டி வைப்பதைப் பார்த்தால் நகைக்கடையில் வளையல் அளவு கொடுக்கிறார் என்றுதான் தோன்றும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஊசி ஏற்றுவதற்காகவே கையில் ஆபரேஷன் செய்து இரத்தக் குழாய்களை இணைத்திருப்பார்கள். நாளாக ஆக அந்த இடம் புடைத்து, ஊசித் தழும்புகள் வரிசையாக ஏறிவிடும். பல பெண்கள் முந்தானையால் மூடிக்கொள்வார்கள். சின்னாளப்பட்டியில் இட்லிக் கடை நடத்திய இந்த அக்கா மூடவே மாட்டார். "கைய வச்சுப் பாரு, உள்ள மோட்டாரு ஓடுறது தெரியும்" என்று பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தொடச் சொல்வார்.

எனக்கு அது பொறுக்காது. என் இடது கையிலும் தழும்புகள் இருந்தன. நர்சிங் படித்த காலத்தில், உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிந்த ஒரு வருடத்தில், எனக்கு நானே செய்துகொண்டவை. டாக்டரிடம் போனேன், மாத்திரை சாப்பிட்டேன், அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள், தேறிவிட்டேன். தழும்புகள் மட்டும் தங்கிவிட்டன. திண்டுக்கல்லில் டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது முழுக்கைச் சட்டைக்குள் அவற்றை ஒளித்து வைத்திருந்தேன். இரத்தம் புழங்கும் இடத்தில் முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்று பொறுப்பு சிஸ்டர் சொல்லிவிட்டார். கேட்டவர்களிடம் முள்கம்பி வேலி கிழித்தது என்றேன். அகரத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு நோயாளி, "கம்பி இம்புட்டு வரிசையாவா கிழிக்கும்?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, தானே முடிவு செய்துகொண்டார். நான் ஊசியோடு குனிந்த முதல் நாள் என் கையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீயும் ஊசிக் கையா தாயி? கிட்னி மாத்திக்கிட்டியா?" என்றார். டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவருக்குத்தான் இப்படியொரு சந்தேகம் வரும். நான் தலையை ஆட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து வேறு யார் ஊசியோடு வந்தாலும் கையை இழுத்துக்கொள்வார். "வலி தெரிஞ்ச புள்ள போடட்டும்" என்பார். நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அவர் கணவர் என்னைக் கண்டால் எழுந்து கும்பிடுவார்.

வாழ்வதற்கு அப்படியொரு பேராசையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. தாகத்தில் நாக்கு வறண்டாலும் தண்ணீரை அளந்துதான் குடிப்பார். "பேரப்புள்ள எடுக்காம நான் போறதா இல்ல" என்பார். அவருடைய ஒவ்வொரு தழும்பும் இன்னும் சில நாள் இருக்க வேண்டும் என்று வாங்கியது. என்னுடையவை இருக்கப் பிடிக்காமல் வாங்கியவை. சிறுநீரகம் கெட்ட ஒருவரைப் பார்த்து வயிறெரிந்த நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள், புதிதாக வந்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அக்கா என்னைக் காட்டினார். "இந்தா, இந்த சிஸ்டரப் பாரு. இதே மாதிரி கெடந்து பொழச்சு எந்திரிச்சவ." அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று அக்காவுக்கு ஊசியைக் கழற்றிக் கட்டுப் போடும்போது மெதுவாகச் சொன்னேன். "இது ஊசித் தழும்பு இல்லக்கா. வாழப் பிடிக்காம நானே பண்ணிக்கிட்டது." உண்மையைச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் நிம்மதியைக் கலைத்துப் பார்க்கும் ஆசைதான் அது.

அக்கா கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கிப் போய்விட்டார். அடுத்த முறை கையை வேறொரு நர்சிடம் கொடுத்தார். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். இப்படிப்பட்டவள் எனக்கு ஊசி போடக் கூடாது என்று அக்கா பொறுப்பு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை என்னாகும் என்று பயந்தபடி இருந்தேன். அந்தப் பயத்திலும், அக்காவின் கையைப் பிடித்திருந்த அந்த நர்சைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது முறை அவரே கூப்பிட்டார். "ஒம்மேல கோவந்தான். அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சுட்டேன்ல" என்றார். "வீட்டுல ஒக்காந்து ரோசிச்சேன். நீயும் பொழச்சு எந்திரிச்சவதான? அப்ப நான் சொன்னதுல என்ன பொய்யி? போடு." ஊசி சரியாக இறங்கவில்லை. "நல்லா வெளங்குச்சு. இன்னொருக்காப் போடு" என்றார்.

இப்போது வெளியில் போகும்போதும் அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். யாராவது கேட்டால், ஒரு காலத்தில் மனசு சரியில்லாமல் இருந்தது, இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. சில காலைகளில் அவருடைய அந்தப் பேராசையை எனக்குள் தேடிப் பார்ப்பேன். கால்வாசி கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவேன்.

போன வருடம் அக்கா மகள் வீட்டோடு ஒட்டன்சத்திரம் பக்கம் போய்விட்டார். டயாலிசிஸும் அங்கேயேதான். போன வாரம் போனில் பேசினார். "இங்கயும் ஒரு புள்ள போடுது தாயி. கை அம்புட்டு மெதுவு, வலியே தெரியல." நல்லதுக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அன்று முழுக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.